மாமாவின் வாட்ச்மேன் போர்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் இருந்தது நான்கு பேர்: அம்மா, மாமா, நான், எட்டாவது மாடி அங்கிள். அப்பா இல்லை. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலைக்கு ஞாயிறு என்றால் இரட்டைச் சம்பளம் என்பதால் எந்த ஞாயிறும் அவர் வீட்டில் தங்கியதில்லை. இருந்திருந்தால் அங்கிள் அந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கமாட்டார். மாமா அவருக்கு வேலை செய்து கொடுத்த விஷயமே அப்பாவுக்குத் தெரியாது.

மாமா, அம்மாவின் தம்பி. கப்பல் பட்டறையில் வேலை. தொழிலாளர் விடுதியிலிருந்து ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வந்து புல்தரையில் உட்காரும் கூட்டத்தில் அவருக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது: பக்கத்து அடுக்குமாடி பிளாக்கிலேயே மூன்றாவது மாடியில் அக்கா வீடு. ஊரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்தபோது கற்றுக்கொண்ட தொழிலை அவர் விடவில்லை. செருப்பைக் கழற்றும்போதே "எஞ்சினியர் வந்தாச்சு, டீ எங்கேக்கா?" என்பார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பள்ளிப்படிப்பை முடித்ததில்லை. அதனால் எஞ்சினியர் என்பது மறுக்க ஆளில்லாத பட்டம்.

ஆனால் மாமாவின் பெர்மிட் கப்பல் பட்டறைக்கு மட்டுமானது. வெளியே யாரிடமாவது காசு வாங்கிக்கொண்டு ஒரு திருகாணியைத் திருகினாலும் வேலை போய்விடும். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்ப வரமுடியாது. வேலை வாங்கித்தந்த ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனில் பாதிகூட அப்போது அடைந்திருக்கவில்லை. இது அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், அங்கிளுக்கும் தெரியும். பதினொரு வயதில் எனக்குத் தெரியாது. மாமா ஈயம் பற்றவைக்க உட்கார்ந்தால் அம்மா ஏன் வாசல் கதவைச் சாத்துகிறாள் என்று கேட்டேன். ஈயப் புகை வெளியே போனால் பக்கத்து வீட்டார் திட்டுவார்களாம். புகை வெளியே போகத்தானே கதவு என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது மாடி அங்கிள் வார நாட்களில் டெலிவரி வேன் ஓட்டுவார். சனி, ஞாயிறுகளில் கல்யாணம், நலங்கு, பிறந்தநாள் என்று ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவார். அவருடைய ஆம்ப்ளிஃபயர் யாரோ வீட்டில் உட்கார்ந்து கூட்டிச் சேர்த்தது. ஒருமுறை அது ஒரு ஸ்பீக்கரைக் கருக்கிவிட்டது. மறுபடி அப்படி ஆகாமலிருக்க மாமா பாகங்கள் தனித்தனியாக வரும் ஒரு கிட் வரவழைத்து, எங்கள் சமையலறை மேசையில் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து பற்றவைத்து, அந்தப் பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்தார். அங்கிள் நூற்றைம்பது வெள்ளியை நோட்டாகக் கொடுத்தார். மாமா அதை வாங்கிச் சட்டைப்பையில் வைக்காமல் அம்மாவின் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

அந்தப் போர்டுக்கு மாமா வைத்த பெயர் வாட்ச்மேன். ஸ்பீக்கருக்குப் போகவேண்டியது முன்னும் பின்னும் ஆடுகிற மின்சாரம். ஆம்ப்ளிஃபயருக்குள் ஏதாவது செத்துப்போனால், பேட்டரியில் வருவதுபோல ஒரே பக்கமாகத் தள்ளுகிற மின்சாரம் வந்துவிடும். அது ஸ்பீக்கரின் கூம்பை வெளியே தள்ளி, அப்படியே பிடித்துவைத்து, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைக் கருக்கும். வாட்ச்மேன் நடுவில் நிற்பான். சுவிட்ச் போட்டதும் சற்றுப் பொறுத்துப் பார்த்து, ஆபத்தில்லை என்றால் 'டக்'கென்று வழி விடுவான். தப்பான மின்சாரம் வந்தால் 'டக்'கென்று அடைத்துவிடுவான். அந்த 'டக்' போர்டில் இருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சின் சத்தம். என் வயதுக்கு அது மந்திரச் சத்தம்.

அன்று அங்கிள் உள்ளே வந்தபோது மாமா சோற்றில் கை வைத்திருந்தார்.

"என்னா தம்பி, இப்படிப் பண்ணிட்ட? நேத்து ஒத்திகை. நல்லா ஓடிக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு டக்குன்னு நின்னுருச்சு லா. அப்புறம் வருது, நிக்குது, வருது, நிக்குது. ஏழு மணிக்குக் கீழ நலங்கு. பொண்ணோட அப்பா முழுக் காசையும் கொடுத்துட்டாரு."

"எஞ்சினியர் இருக்கேன்லண்ணே. உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

"சாப்பாடெல்லாம் அப்புறம். நீ மொதல்ல கையக் கழுவு."

அவர் குரலில் இருந்தது கோபமில்லை, அதற்கு முந்தியது. அம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள்.

மாமா பெட்டியைத் திறந்தார். அங்கிள் கொண்டுவந்திருந்த ஒரு ஸ்பீக்கரை இணைத்து, தன் கைப்பேசியிலிருந்து ஒரு காதல் பாட்டைப் போட்டார். 'டக்.' பாட்டு வந்தது. நிற்கவில்லை. மீட்டரின் முனைகளை வைத்துத் தப்பான மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. ரிலேயைச் சுண்டிப் பார்த்தார். பற்று விட்டிருக்குமோ என்று ஒவ்வொரு புள்ளியையும் மறுபடி சூடாக்கினார். அதே பாட்டு, அதே குரல், ஒரு குறையுமில்லை. வைத்தியரிடம் போனதும் குணமாகிவிடுகிற நோயாளியைப் போல அது எங்களைக் கேவலப்படுத்தியது. அங்கிள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் சன்னல் வழியாகக் கீழே பார்ப்பதுமாக இருந்தார். கீழே நலங்குக்கு நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"நான் ஒன்னும் பொய் சொல்லல, தம்பி."

"யாருண்ணே சொன்னா?"

"நீ பாக்குற பார்வை சொல்லுது."

கடைசியில் சமையலறையிலிருந்து அம்மாதான் கத்தினாள். "அந்தப் பாட்டையே எத்தனை தடவைடா போடுவ? காது புளிச்சுப்போச்சு. நேத்து நின்னப்போ என்ன ஓடிச்சோ அதைப் போட்டுத் தொலைங்களேன்!"

அங்கிள் மாமாவைப் பார்த்தார். மாமா அங்கிளைப் பார்த்தார். நேற்று ஓடியது உறுமி. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடுவதற்கென்று பதிவுசெய்த உறுமி மேளம். எங்கள் வீட்டில் யாரும் அதைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி மெல்லிய பாட்டுக்கே துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பவர். அதனால் மாமா கிட்டைச் செய்த நாளிலிருந்து சோதனை எல்லாம் காதல் பாட்டில்தான், அதுவும் பாதிச் சத்தத்தில்.

சன்னல்களை மூடினோம். மாமா சத்தத்தைக் கூட்டினார். மேளம் சரியாகத்தான் போனது. பிறகு உறுமி அந்தத் தாழ்ந்த முனகலை இழுத்தது, வயிற்றுக்குள் இருந்து யாரோ உறுமுவதுபோல. 'டக்.' அமைதி. சற்றுப் பொறுத்து 'டக்', மேளம். மறுபடி முனகல், மறுபடி 'டக்'. கீழே துடைப்பக்கட்டை இடித்தது.

மாமா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

கிட்டோடு வந்த கபாசிட்டர்கள் பெரியவை. போர்டு அவற்றை வைத்துக்கொண்டு நிதானமாக யோசிக்கும். வந்தது மெதுவாக ஆடும் சத்தமா, நிஜமாகவே ஆடாத மின்சாரமா என்று கொஞ்சம் பொறுத்துத் தீர்ப்புச் சொல்லும். முதல்முறை போர்டில் பேட்டரியைத் தொட்டு மாமா செய்துகாட்டியபோது அங்கிள், "இவ்வளவு மெதுவாவா? அதுக்குள்ள ஸ்பீக்கர் வெந்துரும் லா" என்றிருக்கிறார். எஞ்சினியருக்கு ரோஷம் வந்துவிட்டது. பெரியவற்றைக் கழற்றிவிட்டுச் சின்னதாக இரண்டு போட்டார். இரண்டாம் முறை பேட்டரி தொடுவதற்குள் 'டக்'. அங்கிள் கைதட்டினார். அப்படிப் பதறப் பழகிய வாட்ச்மேனுக்கு உறுமியின் முனகலும் ஆபத்தாகத் தெரிந்தது.

"பழசு எங்கடா?" என்றாள் அம்மா.

"குப்பைச் சூட்ல போட்டேன்க்கா."

மூன்றாம் மாடியிலிருந்து குப்பைக் குழாய் வழியாகப் போன பொருள் திரும்பி வருவதில்லை. கடைக்குத்தான் போகவேண்டும். ரோச்சோர் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் ஞாயிறன்று சீக்கிரம் மூடிவிடும். மாமா போர்டைக் கழற்றினார். அதையும் மீட்டரையும் என் நீச்சல் பைக்குள் போட்டு என் தோளில் மாட்டினார். "நீ தூக்கு மாப்ள, நான் வழி காட்டுறேன்" என்றார். வழி எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் பெரிய பொறுப்பு வந்துவிட்டதாக நிமிர்ந்து நடந்தேன்.

ஞாயிறு மாலைத் தேக்காவில் ஓடமுடியாது. நடைபாதை, சாலை, புல்தரை எல்லாம் ஆட்கள். தோள்களுக்கு நடுவில் நீந்திப் போனோம். பஃபலோ ரோடு முனையில் இரண்டு காவலர்கள் ஓர் ஆளை நிறுத்தி அவனுடைய பெர்மிட் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை என்னை இழுத்துக்கொண்டு வந்த மாமாவின் கை தளர்ந்தது. நடை மெதுவானது. என்னிடம் குனிந்து, "ஸ்கூல்ல இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்றார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை மாமா."

"சரி, நேத்து."

"நேத்து சனிக்கிழமை."

"அட, சிரிச்சுக்கிட்டே ஏதாவது சொல்லுடா."

நான் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். மாமா பெரிய ஆர்வத்தோடு தலையாட்டினார். காவலர்களைத் தாண்டி இரண்டு கடை போனதும் என் கையை மறுபடி இறுகப் பிடித்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கூட்டத்தின் புழுக்கம் என்று நினைத்தேன்.

கடைக்காரர் கதவைப் பாதி இறக்கியிருந்தார். மாமா குனிந்து உள்ளே தலையை நீட்டி, "பாஸ், பாஸ், ஒன் மினிட்" என்று கெஞ்ச, நான் போர்டை நீட்ட, அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தார். வாங்கியது இரண்டு கபாசிட்டர். ஆளுக்கொரு குளிர்பானம் குடித்தால் அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

வீடு திரும்பியதும் மாமா பற்றவைத்தார். அங்கிள் அவர் தலைக்குமேல் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். சன்னலை மூடி, உறுமியைப் போட்டோம். முனகல் வந்தது. நான்கு பேரும் போர்டையே பார்த்தோம். முனகல் இழுத்தது, இழுத்தது, முடிந்தது. வாட்ச்மேன் அசையவில்லை. துடைப்பக்கட்டை மட்டும் இடித்தது. அங்கிள் மாமாவின் முதுகில் ஓங்கித் தட்டி, "எஞ்சினியர்தான் லா நீ!" என்றார். அம்மா அப்போதுதான் அடுப்பில் பால் வைத்தாள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம்.

நலங்கு எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில். தூண்களுக்கெல்லாம் ஊதாவும் பொன்னிறமுமாகத் துணி சுற்றி, பெண்ணுக்கு ஊஞ்சல் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கம் என்று எங்களுக்கும் அழைப்பு இருந்தது. அம்மா பட்டுச்சேலையில் வந்தாள். மாமா பின்வரிசையில் தூணோடு ஒண்டி நின்றார். அலங்காரம் செய்தவர்களுக்கு ஆம்ப்ளிஃபயரின் கருப்புப் பெட்டி கண்ணில் குத்தியிருக்கவேண்டும். அதன்மேலும் சாட்டின் துணியைப் போர்த்தி, மேலே பூத்தட்டை வைத்துவிட்டார்கள். பார்க்க ஒரு சின்னச் சாமி பீடம் மாதிரி இருந்தது.

மாமா அங்கிளின் காதருகே போனார். "அண்ணே, துணிய எடுத்துருங்க. சூடு வெளிய போகாது."

"போட்டோவுல அசிங்கமா தெரியுமாம். பொண்ணோட அம்மா சொல்லிட்டாங்க. அரை மணி நேரம்தானே, விடு லா."

அரை மணி நேரம் நீண்டது. பெண்ணுக்கு மஞ்சள் பூசினார்கள், பெரியவர்கள் வரிசையாக வந்து ஆசீர்வதித்தார்கள், பிறகு மாப்பிள்ளையின் நண்பர்கள் நடுவில் இறங்கினார்கள். உறுமி கேட்டது. ஒருமுறை, இருமுறை. வாட்ச்மேன் தாங்கினான். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணடித்தார். ஆட்டம் உச்சத்துக்குப் போனது.

'டக்.'

இரண்டு ஸ்பீக்கரும் நின்றன. ஆடியவர்கள் கைகளைத் தூக்கியபடியே நின்றார்கள். யாரோ விசிலடித்தார்கள். நாங்கள் காத்திருந்த இரண்டாவது 'டக்' வரவில்லை. பெண்ணின் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அங்கிள் பூத்தட்டைத் தள்ளிவிட்டுத் துணியை உருவினார். மாமா ஓடிவந்து குந்தி உட்கார்ந்தார். அவர் மீட்டரை எடுத்ததை, முனைகளை வைத்ததை, எண்கள் குதித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மத்தியானமெல்லாம் பூஜ்யத்தைச் சுற்றியே நின்ற எண் இப்போது நாற்பதில் நின்றது.

"நாப்பது வோல்ட்டுண்ணே! ஆம்ப்பு உள்ள வெந்துருச்சு. இந்தத் தடவை போர்டு சரியாத்தான் அடைச்சிருக்கு. கைய வைக்காதீங்க!"

"மத்தியானமும் இதத்தான் பண்ணுச்சு."

"அது வேறண்ணே. இது நெசம்."

"பேசாம தள்ளு லா! அத்தனை பேரும் பாக்குறாங்க!"

அங்கிள் மாமாவைத் தோளால் இடித்து ஒதுக்கினார். போர்டிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைப் பிடுங்கி, பல்லால் முனையைக் கடித்து உரித்து, ஆம்ப்ளிஃபயரில் நேராக முறுக்கினார். வலதுபக்க ஸ்பீக்கரில் உறுமி பாய்ந்து வந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. அங்கிள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்துச் சிரித்தார். இடதுபக்க ஸ்பீக்கரில் 'தொம்' என்று ஒரே ஒரு சத்தம். கூம்பு வெளியே துருத்தி அப்படியே நின்றது. பிறகு வாசனை வந்தது, ரப்பரும் வார்னிஷும் கருகுகிற வாசனை. அதன் பின்னால் மெல்லிய புகை.

நலங்கு நிற்கவில்லை. பக்கத்துப் பிளாக்கிலிருந்து யாரோ வேறொரு ஆம்ப்ளிஃபயரை வாடகைக்குக் கொண்டுவர, ஒரே ஸ்பீக்கரோடு ஆட்டம் மறுபடி தொடங்கியது. எங்கள் நால்வரின் ஆட்டம் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நடந்தது.

"ஸ்பீக்கர் போச்சு, பேரும் போச்சு. யார் கொடுப்பா இதுக்கு?" என்றார் அங்கிள்.

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் வந்தேன். உண்மை என் பக்கம் இருந்தது. எண்ணை என் கண்ணால் பார்த்திருந்தேன். பள்ளிக்கூட மேடையில் பேசுகிற தமிழில் தெளிவாகச் சொன்னேன்: "மாமா வேண்டாம் என்று சொன்னார். அங்கிள்தான் ஒயரைக் கழற்றி நேராக இணைத்தார். போர்டு ஸ்பீக்கரைக் காப்பாற்றியது. நான் பார்த்தேன்."

அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்தபடி சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். குரலை உயர்த்தவுமில்லை.

"ஒரு போன் போட்டா போதும், தம்பி. போடவா?"

அம்மாவின் கை பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தியது. நலங்கு மஞ்சள் காயாத கை. நான் திமிறினேன், அவள் விடவில்லை.

"தப்பு என்னுதுதாண்ணே" என்றார் மாமா. "நான் கொடுத்துர்றேன்."

"ஒரு பக்கம் மட்டும் மாத்தினா சத்தம் ஒத்து வராது. ஜோடியாத்தான் மாத்தணும்."

"ஜோடியாவே மாத்திக்குங்கண்ணே."

இன்று அந்தச் சின்ன கபாசிட்டர் செய்த குழப்பத்தையும், துணிக்கு அடியில் வெந்த டிரான்சிஸ்டரையும் ஒரு தாளில் வரைந்து என்னால் விளக்கமுடியும். பாலிடெக்னிக்கில் எனக்கு அதற்கு மதிப்பெண்ணே கொடுத்தார்கள். ஆனால் அன்று தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் எனக்குப் புரியாதது மின்சாரம் இல்லை. அங்கிள் யாருக்குப் போன் போடுவார்? எனக்குத் தெரிந்து அப்பாவுக்குத்தான். அப்பா வந்து நாலு சத்தம் போடுவார், பிறகு சாப்பிடக் கூப்பிடுவார். அதற்கா இவ்வளவு பயம்? நாற்பது வோல்ட்டுக்குப் பயப்படாமல் கை நீட்டிய மனிதர் அப்பாவின் வசவுக்குப் பயந்து, செய்யாத தப்பை ஒப்புக்கொள்கிறாரே என்று அவருக்காக நான் வெட்கப்பட்டேன். போட்டால் போடட்டுமே மாமா என்று கத்தத்தான் அம்மாவின் விரல்களுக்குள் திமிறிக்கொண்டிருந்தேன். கத்தியிருந்தால் அங்கிள் போட்டிருப்பார், அப்பாவுக்கு அல்ல, பெர்மிட் அதிகாரிகளுக்கு.

மாமா அடுத்து வந்த ஞாயிறுகளில் எட்டாவது மாடிக்குப் போய்ப் போய்க் கொடுத்தார். ஜோடி ஸ்பீக்கர், முதலில் வாங்கிய நூற்றைம்பது, அன்றிரவு வந்த ஆம்ப்ளிஃபயரின் வாடகை. குறைந்ததை அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் போட்டாள். எல்லாம் சேர்த்து அறுநூற்று எண்பது வெள்ளி.